இன்ஜின் நின்ற பிறகு பத்து நிமிடம்

ஹட்டனில் நான் வேலை செய்த கராஜுக்குப் புதுக் கூரை போட்டு, இன்னும் இரண்டு கார்கள் நிற்கும் அளவுக்கு இடத்தை நீட்டியிருக்கிறார்கள். திறப்பு விழாவுக்கு என்னையும் அழைத்து ஐந்து நிமிடம் பேசச் சொன்னார்கள். ஒலிவாங்கியைக் கையில் வாங்கியதும் யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துவிட்டது. "எல்லாரும் நல்லா இருங்க. ரேடியேட்டர் மூடிய சூட்டோட தெறக்காதீங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள், கைதட்டினார்கள். பிறகு தேநீர் குடிக்கும்போது, இப்போது கராஜைப் பார்த்துக்கொள்ளும் நிஷாந்தன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அண்ணே, பேச வரலன்னா எழுதிக் குடுங்க. அந்த மிட்வைஃப் மிஸ் கார் கதைய ஆளுக்கொரு மாதிரி சொல்றாங்க. எது நெசம்னு எங்க யாருக்கும் தெரியல."

அதனால்தான் இந்த எழுத்து.

என் பெயர் முத்துராஜ். பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவன். அப்பாவும் அம்மாவும் கொழுந்து பறிக்க மலைக்குப் போனவர்கள். எனக்குக் கொழுந்தைவிட இரும்பு பிடித்திருந்தது. முப்பத்தாறு வருடம் ஒரே கராஜில் இருந்தேன். அதில் முதல் மூன்று வருடங்களை மூன்று வரியில் முடித்துவிடலாம். முதல் வருடம் மண்ணெண்ணெயில் நட்டும் போல்ட்டும் கழுவினேன். இரண்டாம் வருடம் கேட்ட ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தேன். மூன்றாம் வருடம் கேட்பதற்கு முன்பே எடுத்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகு கராஜில் என் பங்கு தண்ணீரும் சூடும் என்று ஆகிவிட்டது. ரேடியேட்டர், குழாய்கள், பம்ப், ஹீட்டர். அந்தப் பக்கம் என்னைத் திருப்பியவர் குணதாச பாஸ்.

கைத்தொழில் தெரிந்தவரைச் சிங்களத்தில் பாஸ் என்றுதான் அழைப்பார்கள். குணதாச பாஸ் நாவலப்பிட்டிக்காரர். மெலிந்த ஆள். எப்போதும் சலவை செய்த சட்டை, அதன் கை முழங்கை வரை மடித்திருக்கும். இடது முன்கையில் வெந்து ஆறிய ஒரு நீளத் தழும்பு. இளவயதில் சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறந்த கை அது. தமிழை அவருக்கு வசதியான மாதிரி பேசுவார். அதில் பாதி சொல்லுக்கு வாலும் இருக்காது, தலையும் இருக்காது. ஆனால் அவர் சொன்னது புரியவில்லை என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

ஒரு கார் உள்ளே வந்தால் மற்ற மெக்கானிக்குகள் முதலில் பொனட்டைத் திறப்பார்கள். பாஸ் முதலில் ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போடுவார். ஓட்டி வந்தவரை அதில் உட்காரவைத்து, பிளேன்டீ வரவழைத்து, எதிரே குந்திக்கொள்வார். பிறகு கேள்விகள். எந்த நேரம்? எந்த இடம்? அதற்கு முன்னால் என்ன செய்தீர்கள்? பதில்களை ஒரு பள்ளிக்கூடக் கொப்பியில் எழுதுவார். அப்புறம்தான் எழுந்து காரிடம் போவார். ரேடியேட்டரின் மேல் குழாய், கீழ்க் குழாய், ஹீட்டருக்குப் போகும் குழாய், ஹீட்டரிலிருந்து வரும் குழாய் என்று வரிசையாகப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பார்.

"உள்ளங்கை வேலை செஞ்சி தடிச்சிருச்சி. அதுக்கு ஒண்ணும் தெரியாது. இந்தப் பக்கம் புதுத் தோல்" என்பார்.

கார் தெரியாதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஹீட்டர் என்பது காருக்குள் இருக்கும் தனி அடுப்பு அல்ல. இன்ஜினைச் சுற்றிச் சூடாகி வரும் தண்ணீரில் ஒரு பங்கு, டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் இன்னொரு சின்ன ரேடியேட்டருக்குள் போய்த் திரும்புகிறது. அதன்மீது விசிறி காற்றை ஊதுகிறது. உள்ளே இருப்பவர்களுக்குச் சூடு கிடைக்கிறது. பல கார்களில் அந்தச் சின்ன ரேடியேட்டர் உயரத்தில் இருப்பதால், தண்ணீர் குறைந்தால் காற்று முதலில் போய் அடைத்துக்கொள்வது அங்கேதான். இன்ஜின் கொதிப்பதற்கு முன்பே ஹீட்டர் குளிர்ந்து போய் நமக்குத் தகவல் சொல்லிவிடும்.

எல்லா ஹீட்டரும் தண்ணீர்க் கதை சொல்வதில்லை. ஒரு தோட்டத்துச் சின்னத்தொரையின், அதாவது உதவி மேலாளரின், பழைய காரில் ஹீட்டரைப் போட்டால் மயிர் கருகும் வாடை வந்தது. பாஸ் பெட்டியைத் திறக்கச் சொன்னார். உள்ளே விசிறியை அடைத்துக்கொண்டு சிவப்புக் கம்பளி நூலால் கட்டிய ஓர் எலிக்கூடு. நான் அதை இடுக்கியால் வெளியே எடுத்ததும் சின்னத்தொரையின் மனைவி ஸ்டூலைவிட்டு எழுந்துவிட்டார். "ஐயோ, இது என்னோட மஃப்ளர்!" துணி வெளுக்கிறவர் தொலைத்துவிட்டதாக நினைத்து, இரண்டு மாதம் அவரோடு பேசாமல் இருந்திருக்கிறார். "மொதல்ல டோபி வீட்டுக்குப் போங்க" என்று புருஷனிடம் சொல்லிவிட்டு, அந்தக் கூட்டைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு காரில் ஏறினார். ஆதாரம் வேண்டுமாம்.

என் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். தங்கவேல் என்று வாடகைக்கு ஓடும் ஹயர் கார் ஓட்டுநர் ஒருவர். அவருடைய காரில் ஹீட்டர் ஓட்டையாகி, தண்ணீர் கால்மிதியில் சொட்டிக்கொண்டிருந்தது. நான் இரண்டு குழாய்களையும் கழற்றி, நடுவே ஒரு செப்புக் குழாயை வைத்து இணைத்துவிட்டேன். தண்ணீர் இனி ஹீட்டருக்குள் போகாது, ஒழுகாது. பத்து நிமிட வேலை. பெருமையோடு பாஸைப் பார்த்தேன். அவர் கொப்பியில் ஏதோ எழுதிக்கொண்டார். மறுநாள் காலை நல்ல மழை, பனிமூட்டம். அதே காரின் சாவியை என் கையில் கொடுத்து, "நானுஓயா போயிட்டு வா" என்றார்.

தலவாக்கலை தாண்டியதும் கண்ணாடியின் உட்பக்கம் வெள்ளையாகிவிட்டது. துணியால் துடைத்தேன். துடைத்த கையை எடுப்பதற்குள் மறுபடி வெள்ளை. எதிரே பஸ்ஸின் விளக்கு வருகிறதா, தேயிலைச் செடிதான் அசைகிறதா என்று தெரியவில்லை. தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, மழை முகத்தில் அடிக்க, நடை வேகத்தில் போய்த் திரும்பினேன். காது இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன். பாஸ் ஒரு துவாயோடு வாசலில் நின்றார்.

"இன்ஜின் கொதிக்கல்ல. ஹரி. தண்ணி ஒழுகல்ல. அதும் ஹரி" என்றார். ஹரி என்றால் சரி. "உள்ளுக்கு இருந்த மனுசன் எப்படி?"

அன்று பின்னேரமே புது ஹீட்டர் தேடிப் போட்டேன். அதற்குப் பிறகு எந்தக் காரிலும் அந்தக் குறுக்கு வேலையைச் செய்ததில்லை.

இனி வசந்தா மிஸ்ஸின் கார். அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து இருபது வருடம் ஆகியிருந்தது. டயகமப் பக்கத்துத் தோட்டங்களுக்கு மிட்வைஃபாக இருந்தவர் அவர். கர்ப்பிணிகளையும் பிறந்த குழந்தைகளையும் வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் வேலை. முன்பெல்லாம் நடந்தே போனவருக்கு, கொழும்பில் கடை வைத்திருந்த அண்ணன் தன்னுடைய பழைய கார் ஒன்றைக் கொடுத்திருந்தார். இளநீல நிறம். அவருடைய வேலைக்கு அது இன்னொரு ஜோடிக் கால்.

அந்தக் கார் வாரத்துக்கு இரண்டு லீற்றர் தண்ணீரைக் குடித்தது. தரையில் ஒரு சொட்டுக்கூட விழுவதில்லை. ஹீட்டர் திடீரென்று குளிர்ந்துவிடும், பிறகு சூடாகும், மறுபடியும் குளிரும். இரண்டு கராஜ்களில் இன்ஜின் தலையைக் கழற்றி கேஸ்கட் மாற்றியிருந்தார்கள். மூன்றாவது இடத்தில், பொம்பளை ஓட்டினால் அப்படித்தான் என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார்கள். எங்களிடம் வந்தபோது நானும் பொனட்டைத் திறந்து ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "மிஸ், ஏத்தத்துல கியர் மாத்தாம இழுக்கிறீங்க போல" என்றேன். அவர் ஊசிக்கு அழுகிற பிள்ளையைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். பாஸ் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"வர்ற ஞாயித்துக்கெழம அண்ணன் வர்றாரு. கார எடுத்துட்டுப் போயி வித்துருவேன்னு சொல்லிட்டாரு. அவரயும் குத்தம் சொல்ல முடியாது, எத்தன தடவ ரிப்பேர் பண்ணுவாரு? எனக்கு இப்ப பதினோரு புள்ளத்தாச்சிங்க இருக்காங்க பாஸ். மூணு பேரு மேல் டிவிஷன்ல" என்றார்.

இரண்டு நாள் சோதித்தோம். பாஸிடம் ஒரு கருவி இருந்தது, அவரே செய்தது. பழைய ரேடியேட்டர் மூடியின் நடுவில் துளையிட்டு, சைக்கிள் டியூப்பின் வால்வை ஈயத்தால் பற்றவைத்து, பக்கத்தில் ஒரு சின்ன அழுத்தமானியைப் பொருத்தியிருந்தார். அதைக் காரில் மாட்டி சைக்கிள் பம்பால் காற்றடித்தால், எங்காவது கசிவு இருக்கும் பட்சத்தில் முள் கீழே இறங்கும். மாட்டினோம். ஒரு மணி நேரம் முள் அசையவில்லை. காருக்குக் கீழே செய்தித்தாள் விரித்துப் பார்த்தோம். காய்ந்த தாளாகவே இருந்தது. எண்ணெயில் தண்ணீர் கலக்கவில்லை. புகையில் வெள்ளை இல்லை. உள்ளே கால்மிதியைத் தூக்கி முகர்ந்தேன். பழைய கால்மிதி வாடைதான். கினிகத்தேன வரை கீழே இறங்கி, பொல்பிட்டியப் பக்கம் ஒரு சுற்றுப் போய்த் திரும்பி வந்தேன். வந்து நின்றதுமே மிகுதித் தண்ணீர் நிற்கும் போத்தலைப் பார்த்தேன், ஒரு நூல்கூடக் குறையவில்லை.

இரண்டாம் நாள் பின்னேரம் வசந்தா மிஸ் வந்தார். "ஒண்ணும் கெடைக்கல மிஸ்" என்றேன்.

அவர் தன் பையைக் காரின் பொனட்டில் வைத்தார். "காய்ச்சக்காரப் புள்ளய காலைல தூக்கிட்டு வருவாங்க. தொட்டா ஜில்லுன்னு இருக்கும். காய்ச்சலே இல்லன்னு அனுப்பிறக் கூடாது. எப்ப ஏறுது, ஏறுறப்ப என்ன பண்ணிக்கிட்டு இருந்துச்சின்னு கேக்கணும். நீங்க ரெண்டு நாளா கார ஓட்டிப் பாக்குறீங்க. நான் எங்கங்க ஓட்டுறேன்? அரக் கட்ட தூரம் போவேன், நிப்பாட்டுவேன். அர மணி நேரம் வீட்டுக்குள்ள. திரும்ப வந்து எடுத்தா ஹீட்டர் பச்சத்தண்ணியா ஊதும்."

பாஸ் கொப்பியிலிருந்து தலையைத் தூக்கினார். அவர் சிரித்து நான் பார்த்தது மிகக் குறைவு. அன்று வாய் நிறையச் சிரித்தார்.

"முத்துராஜ், நாளைக்கு நீ மிஸ்கூட போ. நாம ஓடுற கார் பாத்தோம். நீ நிக்கிற கார் பாரு."

மிஸ் அன்று மாலையே காரை எடுத்துப் போயிருந்தார். விடிந்ததும் முதல் பஸ்ஸில் டயகமவுக்குப் போனேன். ஒரு கோணிச் சாக்கு, டார்ச், கொஞ்சம் சாமான்கள். மிஸ் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். மழைக்கால மூடுபனி, ஒரு கார் மட்டும் போகக்கூடிய தோட்டத்துப் பாதை. வளைவு வருவதற்கு முன்பே கியரைக் குறைத்து, இன்ஜினை முக்கவிடாமல், பள்ளங்களின் ஓரம் பார்த்துச் சக்கரத்தை வைத்து அவர் ஏறிய விதத்தைப் பார்த்ததும் என் காது சூடாகிவிட்டது.

"மிஸ், அன்னைக்கு நான் சொன்னது தப்பு."

"தெரியும் அண்ணே" என்றார், பாதையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

முதல் மூன்று வீடுகளில் ஒன்றும் நடக்கவில்லை. ஒவ்வொரு முறையும் கார் நின்றவுடன் இறங்கி, பொனட்டைத் திறந்து, சாக்கைப் போட்டுக் கீழே படுத்துப் பார்த்தேன். நாலாவது இடம் தோட்டத்தின் உச்சிப் பகுதியான மேல் டிவிஷன். நீண்ட ஏற்றம். தொழிலாளர் வீடுகள் ஒரே வரிசையாக இருக்கும் லயத்துக்கு முன்னால், முகம் மேட்டைப் பார்க்கும்படி காரை நிறுத்திவிட்டு மிஸ் பையோடு உள்ளே போனார். நான் சாக்கைப் போட்டேன்.

இரண்டு நிமிடம், மூன்று நிமிடம். சூடான இரும்பு டிக் டிக் என்று சொடுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. லயத்துப் பெரியவர் ஒருவர் குடையோடு வந்து குனிந்து, "தம்பி, உசுரோட இருக்கியா?" என்று கேட்டார். இருக்கிறேன் என்றேன். ஆறாவது நிமிடம் இருக்கும், இன்ஜினின் பின்பக்கத்தில் ஸ்ஸ் என்று மெல்லிய ஒரு சத்தம். டார்ச்சை அங்கே திருப்பினேன். இன்ஜினுக்கும் காரின் உட்சுவருக்கும் நடுவே, கை நுழையாத இடுக்கில், கடுகளவு ஒரு துளி. அது மெல்ல மிளகளவு ஆனது. கழன்று கீழே இருந்த சூடான புகைக் குழாயில் விழுந்தது. ஒரு சின்ன ஆவி. அவ்வளவுதான், ஈரமே இல்லை. அடுத்த துளி. அதற்கடுத்த துளி. பிறகு துளிகள் சேர்ந்து நூலாக இறங்கின. பத்தாவது நிமிடத்தில் எல்லாம் நின்றுவிட்டது. அந்த இடம் பழையபடி காய்ந்து, ஒரு வெள்ளைக் கோடு மட்டும் மிஞ்சியது.

எனக்குப் புரிந்துவிட்டது. இன்ஜின் நின்றதும் பம்பும் நின்றுவிடும், விசிறியும் நின்றுவிடும். ஆனால் இரும்பின் சூடு எங்கும் போகாது, அசையாமல் நிற்கும் தண்ணீருக்குள்தான் இறங்கும். ஓடும்போது இருந்ததைவிட நின்ற பிறகு சில நிமிடங்கள் தண்ணீர் அதிகம் சூடாகும், அழுத்தம் உச்சத்துக்குப் போகும். இன்ஜினை இரும்பில் வார்க்கும்போது விடும் துளைகளை நாணயம் போன்ற தகட்டு மூடிகளால் அடைத்திருப்பார்கள். பின்பக்கத்து மூடி துருப்பிடித்து ஊசித் துளை விழுந்திருந்தது. அந்த உச்ச அழுத்தத்திலும் சூட்டிலும் மட்டும் அது திறந்தது; நாங்கள் காற்றடித்துச் சோதித்தது ஆறிய இன்ஜினை. எங்கள் கராஜ்களில் இன்ஜினை நிறுத்தியதும் நாங்கள் என்ன செய்வோம்? தேநீர் குடிக்கப் போவோம். அந்தப் பத்து நிமிடத்தை யாருமே பார்த்ததில்லை.

"மிஸ்! கெடச்சிருச்சி!" என்று நான் கத்திய கத்தலில் லயமே வெளியே வந்தது. அதே நேரம் லயத்தின் கடைசி வீட்டிலிருந்து ஓர் இளைஞர் செருப்பில்லாமல் ஓடி வந்தார்.

"மிஸ், தண்ணி ஒடஞ்சிருச்சி! ஊத்துது!"

"ஆமா தம்பி, நான் பாத்துட்டேன். பின்னாடி மூடியில ஓட்ட" என்றேன் சந்தோஷமாக.

அவர் என்னை வெறித்துப் பார்த்தார். மிஸ் என்னைத் தாண்டி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தார். உடைந்தது அந்த இளைஞரின் மனைவி கலைச்செல்வியின் பனிக்குடம். முதல் பிரசவம், குறித்த நாளுக்கு மூன்று வாரம் முன்னதாக.

ஐந்து நிமிடத்தில் மிஸ் திரும்பி வந்தார். "ஆஸ்பத்திரிக்கே கொண்டு போகணும். புள்ள எறங்கல, நேரம் இருக்கு, ஆனா இங்க வச்சிருக்கக் கூடாது. ஆம்புலன்ஸ் அக்கரப்பத்தனப் பக்கம் போயிருக்காம். தோட்டத்து லொறி கொழுந்தோட போயிருச்சி. அண்ணே, இந்தக் கார் லிந்துல ஆஸ்பத்திரி வரைக்கும் போகுமா?"

போகும் என்று சொல்ல எனக்குப் பயமாக இருந்தது. போகாது என்று சொல்ல அதைவிடப் பயமாக இருந்தது. "சுடுதண்ணி வேணும். பச்சத்தண்ணி ஊத்தினா இரும்பு வெடிச்சிரும்" என்றேன்.

லயத்துப் பெண்கள் பிரசவம் என்றதும் அடுப்பில் கேத்தல்களை ஏற்றிவிட்டிருந்தார்கள். அந்த வெந்நீரெல்லாம் பிரசவத்துக்குப் போகாமல் ரேடியேட்டருக்குப் போனது. பாஸின் தழும்பை நினைத்துக்கொண்டு, சாக்கை நாலாக மடித்து மூடியின் மேல் வைத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, மூடி பாதி மட்டும் திறக்கும் முதல் பல் வரைக்கும் திருகினேன். சீறியது. அடங்கும் வரை காத்திருந்து முழுதாகத் திறந்தேன். மூன்று கேத்தல் தண்ணீர் உள்ளே போனது. ஹீட்டரின் மேல் குழாயைக் கிளிப் தளர்த்தி லேசாகத் தூக்கினேன். அடைத்திருந்த காற்று குமிழ் குமிழாக வெளியேறி, கடைசியில் தண்ணீர் மட்டும் வந்தது. குழாயை இறுக்கினேன். ரேடியேட்டர் மூடியை மட்டும் இறுக்காமல் முதல் பல்லிலேயே விட்டேன். அழுத்தம் ஏறாவிட்டால் ஊசித் துளையிலிருந்து தண்ணீர் அதிகம் போகாது. ஆனால் அழுத்தம் இல்லாத தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும், அதுவும் இந்த உயரத்தில் இன்னும் சீக்கிரம். இன்ஜினிலிருந்து எப்படியாவது சூட்டை எடுக்க வேண்டும். அதற்கு ஒரு வழிதான் இருந்தது. ஹீட்டரை முழுச் சூட்டில், விசிறியை முழு வேகத்தில் போட்டேன்.

பின்னிருக்கையில் கலைச்செல்வி, அவருடைய மாமியார். முன்னால் மிஸ் ஸ்டியரிங்கில். பக்கத்தில் நான், மடியில் ஒரு கேத்தல். கலைச்செல்வி மழையில் நனைந்து, குளிரில் பல் கிட்டி நடுங்கிக்கொண்டிருந்தார். இரண்டாவது வளைவில் ஹீட்டர் சூடாக ஊத ஆரம்பித்தது. நாலாவது வளைவில் எனக்கு வியர்த்தது.

"என்ன தம்பி, அடுப்பா வச்சிருக்கீங்க?" என்று மாமியார் கேட்டார்.

"இன்ஜினோட சூடு அம்மா. அதுக்கு வேணாமாம், நம்மளுக்குக் குடுக்குது."

"நல்லா இருக்குங்க" என்றார் கலைச்செல்வி, வலிக்கும் வலிக்கும் நடுவே. அவருடைய நடுக்கம் நின்றிருந்தது.

பாதை பெரும்பாலும் இறக்கம், அது எங்கள் அதிர்ஷ்டம். ஒரே ஓர் ஏற்றத்தில் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொடப் போனது. "நிப்பாட்டவா அண்ணே?" என்று கேட்டார் மிஸ்.

"வேணாம் மிஸ்! நிப்பாட்டினாத்தான் ஏறும். ரெண்டாவது கியர்ல மெதுவா போய்க்கிட்டே இருங்க."

மேட்டின் உச்சியில் ஒரு கொழுந்து லொறி பாதையை அடைத்துக்கொண்டு நின்றது. நான் கேத்தலைக் கீழே வைத்துவிட்டு, ஊர்ந்துகொண்டிருந்த காரிலிருந்து குதித்து இறங்கி, முன்னால் ஓடி, "மிட்வைஃப் மிஸ் வர்றாங்க! பிரசவம்!" என்று கத்தினேன். கொழுந்துச் சாக்கோடு நின்ற பெண்கள் ஓரமாக ஒதுங்கினார்கள். கங்காணி லொறியின் பக்கத்தைத் தட்டித் தட்டிப் பின்னால் எடுக்க வைத்தார். கார் நிற்கவேயில்லை. நடந்து போகும் வேகத்தில் என் பக்கத்தில் வந்ததும் கதவைத் திறந்து ஏறிக்கொண்டேன். முள் இறங்கியது.

ஆஸ்பத்திரி வாசலில் அவர்கள் உள்ளே போனார்கள். நான் பொனட்டைத் திறந்து வைத்துவிட்டு அந்தப் பத்து நிமிடத்தை மறுபடியும் பார்த்தேன். இரண்டே துளி. பிறகு எனக்கு வேலை எதுவும் இல்லை. ஒன்றரை மணி நேரம் அந்தக் காரைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். மிஸ் வெளியே வரும்போது முகத்தைப் பார்த்தே தெரிந்துவிட்டது.

"பொம்பளப் புள்ள. நல்ல சத்தம்" என்றார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "என் காருக்கு என்னவாம்?" என்றார்.

"பின்பக்கத்து மூடி. நிச்சயம்."

"அப்ப என் ஓட்டம் காரணமில்ல?"

"இல்லவே இல்ல மிஸ்."

இருவரும் அந்த வாசலிலேயே நின்று சிரித்தோம். காவலாளி எங்களைப் பார்த்துத் தானும் சிரித்தார், காரணம் தெரியாமலே.

அந்த மூடியை மாற்ற கியர்பெட்டியையே இறக்க வேண்டியிருந்தது. சனிக்கிழமை முழுக்க பாஸும் நானும் செய்தோம். பழைய மூடி வெளியே வந்ததும் பாஸ் அதை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். நடுவில் ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தது. ஓடைத் தண்ணீரையே வருடக் கணக்கில் ஊற்றியதில் உள்ளிருந்து துரு தின்றிருந்தது. தண்ணீர் குறைந்தால் தண்ணீர் ஊற்றுங்கள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் நாங்களும்தான். புது மூடியைத் தட்டிப் பொருத்தி, துருப் பிடிக்கவிடாத கூலன்ட் கலந்து நிரப்பினோம். முன்சக்கரங்களைப் பலகைமேல் ஏற்றி, ஹீட்டரைத் திறந்து வைத்து, குமிழ் நிற்கும் வரை குழாய்களைப் பிசைந்து பிசைந்து காற்றை எடுத்தோம். கடைசியில் இன்ஜினைக் கொதிக்கக் கொதிக்க ஓட்டி, நிறுத்தி, நானும் பாஸும் பக்கத்துப் பக்கத்தில் படுத்துப் பத்து நிமிடம் பார்த்தோம். ஒன்றும் வரவில்லை. "ஹரி" என்றார் பாஸ்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் கொழும்பிலிருந்து வந்தார், காரை எடுத்துப் போக. என்ன நடந்தது என்று திங்கட்கிழமை மிஸ் போனில் சொன்னார். "மேல் டிவிஷன் வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வந்துருவோம்னேன். கண்ணாடியெல்லாம் மூடிட்டு ஹீட்டரப் போட்டேன். மொதல்ல ஸ்வெட்டர கழட்டினாரு. அப்புறம் ஷூவ கழட்டினாரு. அப்புறம் தூங்கிட்டாரு. எழும்பி, 'வச்சிக்க'ன்னுட்டு பஸ்ல போயிட்டாரு."

அதற்குப் பிறகு எங்கள் கராஜில், நின்ற காரைப் பார்ப்பதும் சோதனையில் ஒரு பங்கானது. பாஸ் ஓய்வுபெற்றபோது தன் கொப்பிகளை வீட்டுக்கு எடுத்துப் போனார், சிங்களம் வாசிக்கத் தெரியாத எனக்கு அவற்றால் பயனில்லை என்று சொல்லி. சைக்கிள் வால்வு வைத்த மூடியை விட்டுப் போனார். இப்போது கடையில் வாங்கிய நல்ல கருவியே இருக்கிறது. இன்னும் துல்லியமானது. எனக்கு அதில் வருத்தம் கிடையாது.

கடைசி நாள் வேலையைப் பற்றியும் நிஷாந்தன் கேட்டார். பெரிய வேலை ஒன்றும் இல்லை. பூண்டுலோயாவிலிருந்து ஒரு வயதான தம்பதி. பழைய கார், எண்ணெய் மாற்ற வந்தார்கள். அந்த அம்மா உள்ளே கம்பளியைப் போர்த்தி, கால்களைத் துவாயில் சுற்றி உட்கார்ந்திருந்தார். மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"ஹீட்டர் போடலீங்களா ஐயா?" என்றேன்.

"இந்தக் கார்ல அதெல்லாம் இல்ல தம்பி" என்றார் அவர்.

டாஷ்போர்டுக்குக் கீழே குனிந்து பார்த்தேன். ஹீட்டரைத் திறக்கும் கம்பி அதன் கொக்கியிலிருந்து கழன்று தொங்கியது. விரலால் எடுத்து மாட்டினேன். அவ்வளவுதான் வேலை. இன்ஜின் சூடாகத்தான் இருந்தது. லிவரைத் தள்ளி, விசிறியைப் போட்டேன்.

அந்த அம்மா முதலில் கையை நீட்டிப் பார்த்தார். பிறகு துவாயை அவிழ்த்தார். பிறகு கம்பளியை எடுத்தார். பிறகு திரும்பிப் புருஷனைப் பார்த்தார்.

"இது மொதல்லயிருந்தே இருந்துச்சா?"

"காத்து வர்ற லிவர்னு நெனச்சேன்" என்றார் அவர்.

"ஆறு வருஷமா?"

அவர் காரைக் கிளப்பினார். கேட்டைத் தாண்டும்போதும் அந்த அம்மா பேசிக்கொண்டேதான் இருந்தார். பேச்சின் நடுவே, அந்த மழையிலும் அந்தக் குளிரிலும், கண்ணாடியைப் பாதி இறக்கிவிட்டு, கம்பளியின் நுனியால் விசிறிக்கொண்டார். அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் கை கழுவப் போனேன்.